செவுளில் ஒன்று

என் தங்கச்சியை அவள் புருசன் அறைந்தது அறந்தாங்கியில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எதிர்வரிசையில் இருந்த அவனுடைய பெரியப்பா மகன் ஏதோ கேலி பேச, இவள் சிரித்துவிட்டாள். இடது கையால் அறைந்தான். வலது கை எச்சில் கை. அந்த ஒழுங்கெல்லாம் அவனுக்கு உண்டு.

அவள் முகம் இலையில் போய் விழுந்தது. எழுந்தபோது நெற்றியில் சோறு ஒட்டியிருந்தது. பாயச வாளியோடு வந்தவர் ஒரு கணம் நின்றார், பிறகு அடுத்த இலைக்குப் போனார். பந்தி நிற்கவில்லை. நான் கை கழுவிவிட்டுத் திரும்பியபோது எல்லோரும் மோருக்கு வந்திருந்தார்கள்.

அவன்மேல் பாய்ந்தேன். பிடித்துக்கொண்டார்கள். அதனால் வெளியே போய் அவன் பைக்கைத் தள்ளிவிட்டு, ஒரு செங்கல்லை எடுத்து ஹெட்லைட்டை உடைத்தேன். டேங்கையும் நசுக்கினேன். பைக்கை அடிக்கும்போது யாரும் என்னைப் பிடிக்கவில்லை. கூட்டம் போட்டுப் பார்த்தார்கள்.

பிறகு ஆலங்குடியில் அவன் வீட்டில் பேச்சுவார்த்தை. தென்னந்தோப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, எல்லோருக்கும் கலர் ஊற்றிக் கொடுத்து, பேசினார்கள். அவனுடைய சின்னையா ஆரம்பித்தார்.

"செவுள்ல ஒண்ணு வச்சான். சின்னஞ்சிறுசுக. அதுக்குப் போயி ஒரு பொம்பளை வண்டிய ஒடைப்பாளா?"

நான் மீன் விற்கிறவள். விடிந்தால் கட்டுமாவடி ஏலத்தில் மீன் எடுத்து, அறந்தாங்கி மார்க்கெட்டில் போட்டு விற்பேன். செவுள் என்றால் எனக்கு மீன்தான் நினைவுக்கு வரும். விரலை விட்டுத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும். மீன் மூச்சு விடுகிற இடம் அது. எங்கள் பக்கம் மனுசருக்கும் அந்தச் சொல் உண்டு, காதோடு சேர்த்துக் கன்னத்தில் விடுகிற அறைக்கு. அடித்தான் என்று சொன்னால் பஞ்சாயத்து. செவுளில் ஒன்று வைத்தான் என்று சொன்னால் சிரிப்பு. அன்றைக்குத் தோப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஆத்தாவும் சேர்ந்து சிரித்தது.

முடிவு என்னவென்றால், புருசனும் பொண்டாட்டியும் தனியாக எங்காவது போய்விட்டு வரட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்பது. அவனுக்குக் கத்தாரில் ஏசி மெக்கானிக் வேலை. அங்கே கூட இருக்கிற யாரோ அந்தமான் பக்கம் ஒரு சின்னத் தீவைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். கூட்டம் இருக்காது, கடலுக்குள் இறங்கி மீன் பார்க்கலாம், போட்டோ எடுப்பார்கள் என்று. ஊர் திரும்புகிற வழியில் சென்னையில் அவளுக்கு விசா மெடிக்கல். அதற்காக அவள் பாஸ்போர்ட்டையும் அவன் பையில் வைத்துக்கொண்டான். அடுத்த மாதம் அவளையும் கத்தாருக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

நான் பயந்தது அதற்குத்தான். ஆலங்குடியில் அடித்தால் நான் பஸ் ஏறிப் போய் வாசலில் நிற்பேன். கத்தாரில் அடித்தால் எந்த பஸ்ஸில் போவேன்?

"நானும் வாரேன்" என்றேன்.

"புருசன் பொண்டாட்டி போற எடத்துக்கு ஒனக்கு என்ன சோலி?" என்றார் சின்னையா.

"எத்தனை செவுள்ல வைக்கிறான்னு எண்ண ஆள் வேணும்ல."

அவன் சிரித்தான். அவனுக்கு நன்றாகச் சிரிக்க வரும். "மதினி வரட்டுமே சின்னையா. கடல்ல எந்த மீன் நல்ல மீன்னு எனக்கு யாரு சொல்லுவா?" என்றான். நான் பேசுகிற பேச்சை எல்லாம் தன் பெருந்தன்மையைக் காட்டத்தான் அவன் பயன்படுத்திக்கொண்டான்.

தங்கச்சி வலது காதில் பஞ்சு வைத்திருந்தாள். அறை வாங்கியதிலிருந்து காது குய்யென்று சத்தம் போடுவதாகச் சொன்னாள். ஆத்தா நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் காதுக்குள் விட்டது. எங்கள் வீட்டில் காதுக்கு வேறு வைத்தியம் கிடையாது. எதற்கும் பூண்டெண்ணெய்தான். தலையைச் சாய்த்து, விட்டு, பஞ்சை அடைத்து, "போ, சரியாப் போகும்." அவளும் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்தத் தீவு அமைதியானது என்று போகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அமைதிதான். கப்பலில் இருந்து இறங்கினால் ஆட்டோ ஒன்றிரண்டு, பாக்கு மரம், சைக்கிள், தூங்குகிற நாய். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. கத்தினால் கேட்க ஆள் இல்லாத இடத்தை நான் அமைதி என்று சொல்ல மாட்டேன்.

கடல் மட்டும் என்னை அடித்துப் போட்டது. எங்கள் கட்டுமாவடிக் கடலில் அலை கிடையாது. சேறும் பாசியும்தான். அரைக் கிலோமீட்டர் நடந்தாலும் முழங்கால் தண்ணீர். கீழே காலை வைத்த இடம் தெரியாது. இங்கே கழுத்தளவுத் தண்ணீரில் நின்று என் கால் நகத்தைப் பார்த்தேன். முகத்துக்குக் கண்ணாடி, வாய்க்குக் குழாய், உடம்புக்கு மிதவைச் சட்டை மாட்டி என்னைக் குப்புறப் போட்டுவிட்டார்கள். கிளிமீன் பவளப் பாறையைக் கடித்துத் தின்கிற சத்தம் காதில் கேட்டது, யாரோ பட்டாணி மெல்லுகிற மாதிரி. பாறை இடுக்கில் ஒரு களவாய் மீன், என் தராசில் தூக்கினால் நாலைந்து கிலோ வரும், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தது. இத்தனை வருசம் மீன் விற்றும், செவுள் வேலை செய்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரம் எனக்கு அவன் நினைப்பே வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் டைவிங். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அடியில் இறங்குவது. என்னைச் சேர்க்கவில்லை, எனக்குப் பிரஷர் உண்டு. அவர்கள் இரண்டு பேருக்கும் அவன் பணம் கட்டியிருந்தான். காலையில் தங்கச்சி வேண்டாம் என்றாள்.

"காது வலிக்குது மச்சான். நீங்க போயிட்டு வாங்க."

"எல்லாரும் போட்டோ எங்க போட்டோ எங்கன்னு கேக்குறாங்க. நான் மட்டும் தனியாக் கெடக்குற போட்டோவைப் போட்டா என்ன நெனைப்பாங்க?"

"நாளைக்கு..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. நான் அடுத்த அறை வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவன் அவள் தலைமுடியைப் பின்னால் இருந்து பிடித்து, கண்ணாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, மெதுவாகப் பேசினான். "சிரி. இங்கயே சிரிச்சுப் பழகு. தண்ணிக்குள்ள சிரிப்பு வராது, இப்பவே பழகிக்க." அவள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஈரத் துண்டோடு உள்ளே போனேன். அவன் கையை எடுத்துவிட்டு, "மதினி, டீ சொல்லவா?" என்றான்.

துண்டாலேயே அவன் முகத்தில் ஓங்கி ஒன்று அறைந்தேன். அவன் துடைத்துக்கொண்டான். தங்கச்சிதான் என்னைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

"ஒன்னை யாருக்கா வரச் சொன்னா? இன்னைக்கு ஒரு நாள் போட்டோ எடுத்துட்டா முடிஞ்சு போச்சு. கெடுக்காத."

கடலடிக்குக் கூட்டிப்போகிற ஆட்களில் ஒருவனுக்குத் தமிழ் தெரியும். அவன் அப்பா ராமநாதபுரத்துப் பக்கம். இவன் பிறந்ததே அந்தமானில். கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"இருதயம், ஆஸ்துமா, காது, ஏதாச்சும் பிரச்சனை இருக்கா?"

"ஒண்ணும் இல்ல" என்றான் புருசன், அவளுக்கும் சேர்த்து.

"அவங்க சொல்லட்டும்ங்க."

அவள் தலையை ஆட்டினாள். எங்கள் ஊர்த் தலையாட்டு. அதை ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். கேட்டவன் இல்லை என்று எடுத்துக்கொண்டான். கீழே போகப்போகக் காது அடைக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினால் திறந்துகொள்ளும் என்று கரையிலேயே பழக்கினான். அவள் மூக்கைப் பிடித்து ஊதினாள். உடனே வலது காதைப் பொத்தினாள். "ஆச்சா?" என்றான். மறுபடியும் தலையை ஆட்டினாள். பக்கத்தில் புருசன் நின்றுகொண்டிருந்தான்.

நான் மிதவைச் சட்டையோடு மேலே மிதந்துகொண்டு பின்னாலேயே போனேன். எனக்குக் கீழே ஒரு தென்னம்பிள்ளை உயர ஆழத்தில் எல்லாம் தெரிந்தது. ஆளுக்கு ஒருவன் பின்னால் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நீந்தினான். முன்னால் ஒருவன் கேமராவோடு. புருசனும் பொண்டாட்டியும் கைகோத்துக்கொண்டார்கள். மற்றக் கையால் கேமராவைப் பார்த்து ஆட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் உடம்பு ஒரு பக்கமாகச் சுருண்டது. கறிக்கடையில் கழுத்தறுத்து விட்ட கோழி மாதிரி ஒரே இடத்தில் சுற்றினாள். மேலே எது கீழே எது என்று தெரியாமல் தரையைப் பார்த்து நீந்தினாள். வாயில் இருந்த குழாய் தெறித்தது. பின்னால் இருந்தவன் அதைத் திரும்ப வாயில் திணித்து, அவளை மேலே தூக்கப் பார்த்தான். முடியவில்லை. ஏனென்றால் இந்தப் பக்கம் இவன் அவள் கையை விடவில்லை. அவள் வேண்டுமென்றே நாடகம் போடுகிறாள் என்று நினைத்திருக்கிறான். கையை முறுக்கிக் கீழே இழுத்தான்.

பிறகு அறைந்தான்.

தண்ணீருக்குள் கை வேகமாகப் போகாது. மெதுவாகத்தான் போனது. கை எடுத்ததில் இருந்து கன்னத்தில் படுகிறவரை நான் மேலே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சத்தமே இல்லை. கண்ணாடி அவள் முகத்தை விட்டு நழுவியது. சுற்றி நின்ற சின்ன மீன்கள் விலகி மறுபடியும் வந்து நின்றன. நான் கத்தினேன், குழாய்க்குள் கத்தினால் மாடு கத்துகிற மாதிரிதான் கேட்கிறது. உப்புத் தண்ணீரைக் குடித்தேன். மிதவைச் சட்டை என்னை முங்க விடவில்லை. என் வாழ்க்கையில் நான் எந்தத் துணியையும் அப்படி வெறுத்ததில்லை.

அவளைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். படுத்துக்கொண்டே வாந்தி எடுத்தாள். மணலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சுத்துதுக்கா, பிடி, பிடிச்சுக்க" என்றாள். காதில் இருந்து ரத்தமும் சீழும் எண்ணெயும் கலந்து வந்தது. பூண்டு வாடை அடித்தது.

அவன் பின்னால் வந்தான். வந்ததும் முதல் பேச்சு: "பயந்தாங்கொள்ளி. மானத்த வாங்கிட்டா."

பக்கத்தில் பெல்ட்டுகள் கிடந்தன. தண்ணீரில் அமுங்குவதற்காக இடுப்பில் கட்டுவது, வலையில் கோக்கிற ஈயத்தைப் போலப் பெரிய பெரிய ஈயக்கட்டி கோத்தது. ஒன்றை எடுத்தேன். அவன் தலையைப் பார்த்துத்தான் வீசினேன். பொய் சொல்ல மாட்டேன். அவன் குனிந்துவிட்டதால் தோளில் பட்டது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குப் பழக்கம். பெரிய மீனின் தலையை வெட்டும்போது அப்படித்தான் கேட்கும். அவன் அலறினான். மறு கையால் என் வாயில் குத்தினான். ஒரு பல் ஆடியது. நான் அவன் காதைக் கடித்தேன், வலது காதை. ராமநாதபுரத்தானும் கேமராக்காரனும் சேர்ந்து என்னைப் பிய்த்து எடுத்தார்கள்.

"அக்கா, செத்துருவாரு, விடுங்க!"

"சாகட்டும்டா. ஒனக்கு என்ன?"

"எங்க கடை வாசல்ல வேணாம்க்கா!"

அந்தத் தீவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் ஒரு பெண். தமிழ் தெரியாது. ராமநாதபுரத்தான் நடுவில் நின்று சொன்னான். டாக்டர் லைட்டை வைத்துக் காதுக்குள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். செவிப்பறை கிழிந்திருக்கிறது, தண்ணீர் உள்ளே போனதால்தான் தலை சுற்றியிருக்கிறது, சீழ் பிடித்திருக்கிறது, இது இன்றைக்கு ஆனது இல்லை என்றார். எண்ணெய் விட்டதற்குத் திட்டினார். எப்படி ஆனது என்று கேட்டார்.

அவன் தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அதற்குள் டைவிங் கடைக்காரர்கள் அனுப்பிய போட்டோவைக் குடும்ப குரூப்பில் போட்டிருந்தான். ஒரு கையால். இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு, பின்னால் நீலத் தண்ணீரும் மஞ்சள் மீனுமாக. போன் நிற்காமல் சிணுங்கியது. பூ, இதயம், கும்பிட்ட கை. சின்னையா பேசியே அனுப்பியிருந்தார். அவன் விரல் பட்டு அது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஓடியது: "ரொம்ப சந்தோசம்ப்பா. இப்பிடியே இருங்க. அந்த மீன்காரி எங்க, கடல்ல விழுந்துட்டாளா?"

அவன் போனை அணைத்துவிட்டு எழுந்து அவள் கட்டிலுக்கு வந்தான். குனிந்து காதோரம் பேசினான். எனக்குக் கேட்டது.

"டைவிங்ல ஆனதுன்னு சொல்லிரு. அம்மு, நான் பாவம்ல? போலீசு கீலீசுன்னா விசா போயிரும். ஒனக்கும்தான் போயிரும்."

அவன் பேசியது வலது காதில். அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

"அங்கிட்டு சொன்னா கேக்காது" என்றாள். "இங்கிட்டு வந்து, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லுங்க."

அவன் டாக்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரிக்கப் பார்த்தான். இந்த முறை அவனுக்கு வரவில்லை.

டாக்டர் மறுபடியும் கேட்டார். ராமநாதபுரத்தான், "எப்ப ஆச்சு, எப்படி ஆச்சுன்னு கேக்குறாங்க" என்றான்.

"ஊர்ல. கல்யாணப் பந்தியில. இவங்க செவுள்ல..." என்று ஆரம்பித்தாள். நிறுத்திக்கொண்டாள்.

"செவுள்லன்னா?" என்றான் ராமநாதபுரத்தான். அவனுக்கு அந்தச் சொல் மறந்துபோயிருந்தது, அல்லது எப்படி இந்தியில் சொல்வது என்று தெரியவில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். தலை சுற்றியதால் ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையைத் தூக்கி, பக்கத்து மேசையில் இருந்த இரும்புத் தட்டில் ஓங்கி அறைந்தாள். கத்தரிக்கோலும் குப்பியும் துள்ளித் தரையில் விழுந்து உருண்டன. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இப்படி" என்றாள். "இன்னைக்குத் தண்ணிக்குள்ளயும் ஒண்ணு."

டாக்டருக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். தங்கச்சி சொன்னதை எழுதிக்கொண்டு, ஊர் ஸ்டேஷனுக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, என்னையும் கேட்டார். நான்தான் அடித்தேன், ஈயத்தால் அடித்தேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். என்மேல் புகார் கொடுக்க வேண்டியவன் கொடுக்கவில்லை. ஒரு பொம்பளை தோள்பட்டையை உடைத்தாள் என்று எழுதிக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. படகில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். ஊரிலும் இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் கணக்கில் இரண்டு பேருக்கும் அந்தத் தீவில் கடலால் விபத்து. கேட்கிறவர்கள் நம்புகிறார்கள்.

மறுநாள் அவன் கிளம்பினான். நாங்கள் கிளம்பவில்லை. சீழ் வற்றுகிறவரை இங்கேயே இருக்கிறேன் என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். அவனை வழியனுப்பப் போக வேண்டாம் என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு கப்பல்துறைக்கு நடந்தாள். கால் இன்னும் தடுமாறியது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவள் போய் அவன் காலில் விழப்போகிறாள், சேர்ந்து கப்பல் ஏறப்போகிறாள் என்றே நினைத்தேன். ஏறினால் கடலில் தள்ளிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு நடந்தேன். யாரை என்றுதான் முடிவு செய்யவில்லை.

கப்பலுக்கு வரிசையில் நின்றான். அவளைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "வந்துட்டியா? எனக்குத் தெரியும்" என்றான்.

"பையைத் திறங்க" என்றாள்.

"எதுக்கு?"

"என் பாஸ்போர்ட்டு."

"அது எங்கிட்ட இருக்கட்டும். மெடிக்கல் தேதிய மாத்தி வச்சுட்டு..."

அவன் தோளில் தொங்கிய பையின் ஜிப்பைத் தானே திறந்தாள். முன்னால் நின்றவர்களும் பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள். அவன் கை எழுந்தது. எழுந்தது கட்டுப் போட்ட கை. பாதியிலேயே வலியில் முகம் கோணி நின்றுவிட்டான். அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. துணிகளுக்கு நடுவில் கையை விட்டுத் துழாவி எடுத்தாள். பிரித்து, தன்னுடையதுதானா என்று பார்த்தாள். ஜிப்பை மூடினாள். வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்தவர் அவனைத் தள்ளினார். உள்ளே போய்விட்டான்.

"எறிடி அதைக் கடல்ல" என்றேன்.

"எதுக்கு? இந்தப் போட்டோவுலதான் என் மூஞ்சி ஒழுங்கா இருக்கு." பாஸ்போர்ட்டை மூடி ஜாக்கெட்டுக்குள் செருகினாள். "நான் எங்கயாச்சும் போவேன்ல."

"எங்க போவ?"

"அதெல்லாம் ஒங்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்க முடியாது. நீ கூடவே கெளம்பி வந்துருவ."